அவள் உட்கார்ந்த இடமெல்லாம் நின்ற கம்ப்யூட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் கம்ப்யூட்டர் சென்டரில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபத்தில் காது சூடாகிறது. யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஊர் ராஜபாளையம். அங்கே ஒரு நூல் மில்லின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டரின் முதலாளி எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர். அவர் இடத்தில் ஆன்லைன் பரீட்சை நடக்கும் நாட்களில் ஏதாவது மெஷின் மக்கர் செய்தால் பார்ப்பதற்கு என்னைக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைதானே என்று நானும் பஸ் ஏறிவிடுவேன்.

அன்றைக்கு ஒரு அரசாங்க வேலைக்கான தேர்வு. கேள்விகள் வெளியூரில் இருக்கிற ஒரு சர்வரிலிருந்து பகுதி பகுதியாக வரும். முதல் பகுதியை முடித்தால்தான் இரண்டாவது பகுதி திறக்கும். நடுவில் நெட் போய்விட்டால் அத்தனை பேருடைய பரீட்சையும் அம்போ. அதனால் சென்டருக்கு இரண்டு கம்பெனிகளிடமிருந்து இரண்டு லைன் இழுத்திருந்தார்கள். இரண்டையும் ஒரு பெட்டியில் சேர்த்து, பாதிக் கம்ப்யூட்டர்கள் ஒரு லைனிலும் மீதிப் பாதி இன்னொரு லைனிலும் போகிற மாதிரி அமைத்திருந்தார்கள். ஒரு லைன் செத்தால் எல்லாமே தானாக இன்னொரு லைனுக்கு மாறிவிட வேண்டும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான்.

அந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தவர் மதுரைக் காண்டிராக்டர் ஒருவர். முதல் நாள் சனிக்கிழமை ஒத்திகை பார்க்க வந்திருந்தார். ஒரு லைனின் ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். பெட்டியில் அந்த லைனுக்கான விளக்கு அணைந்தது, கம்ப்யூட்டர்கள் எல்லாம் அடுத்த லைனுக்கு மாறி ஓடின. முதலாளி கைதட்டாத குறை. நான் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டேன்.

“சார், நம்ம ரூமுக்குள்ள ஒயரு புடுங்குனா விளக்கு அணையுது, மாறிக்கிடுது. தூரத்துல எங்கயாவது கேபிள் அறுந்துபோனா? இங்க விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான இருக்கும்? அப்ப இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?”

நான் கேட்டது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அந்தப் பெட்டி, தெருமுனையில் இருக்கிற லைன் கம்பெனியின் பெட்டி வரைக்கும்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அது பதில் சொன்னால் ‘லைன் உயிரோடு இருக்கிறது’ என்று நம்பிவிடும். அதற்கு அப்பால் பாதை அறுந்து கிடந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. பாதிப் பேருடைய விடைகளைத் தன் பாட்டுக்கு அந்த அறுந்த வழியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க, தெருமுனையோடு நிற்காமல் பரீட்சை சர்வர் வரைக்கும் போய் வந்து பார்க்கும்படி அமைக்க வேண்டும். அது அந்தப் பெட்டியிலேயே இருக்கிற வசதிதான். உட்கார்ந்தால் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம்.

அவர் சிரித்தார். “மேடம், நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. எத்தனை சென்டர் போட்டிருக்கேன் தெரியுமா?” என்று சொல்லிவிட்டு, பெட்டி இருந்த அலமாரியைப் பூட்டிச் சீல் ஒட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிவிட்டார். முதலாளி என்னைப் பார்த்து, “அவருக்குத் தெரியாததா?” என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

ஞாயிறு காலை பரீட்சை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. தேர்வு நடத்துகிற கம்பெனியிலிருந்து கண்காணிப்பாளர் ஒருவர் வந்திருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கழுத்தில் அட்டை. உள்ளே நடந்துகொண்டே இருந்தார். நான் வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிட்டால் ஒழிய நான் உள்ளே போகக்கூடாது என்பது விதி.

கொஞ்ச நேரம் போயிருக்கும். ஜன்னல் பக்கம் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். முப்பதைத் தாண்டிய வயது, நீலப் புடவை. காலையில் உள்ளே நுழையும்போது என்னிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தாள். சேத்தூர். பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். “இதுதாங்க்கா கடைசி. இதுக்குப் பொறவு வயசு ஏறிரும், எழுத முடியாது” என்று சொல்லியிருந்தாள்.

முதல் பகுதியை எல்லோருக்கும் முன்னால் முடித்திருக்கிறாள். அடுத்த பகுதியைத் திறக்க அழுத்தினால் திரை அப்படியே நின்றுவிட்டது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கண்காணிப்பாளர் அவளை எழுப்பி, கடைசி வரிசையில் காலியாக இருந்த ஒரு கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். அதுவும் சுற்றியது. அதே நேரத்தில் இன்னொரு பையனுக்கும் நின்றது. அவனை வேறு இடத்துக்கு மாற்றியதும் அவனுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

அவ்வளவுதான். கண்காணிப்பாளருக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

“ஏம்மா, அந்தத் தம்பிக்கு இடம் மாத்தின உடனே ஓடுது. நீ உக்கார்ற இடமெல்லாம் எப்படிம்மா நிக்குது? என்ன அமுக்குறே?”

“நா ஒண்ணும் அமுக்கல சார். அடுத்த பக்கம்னு இருந்துச்சு, அதத்தான் அமுக்குனேன்.”

“நல்லா தெரியும் எங்களுக்கு. படிக்காம வந்துட்டு மெஷினை நிறுத்தி, மறுபரீட்சை வாங்கலாம்னு வர்ற ஆளுங்களை நிறையப் பாத்திருக்கோம்.”

அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் எப்படிப் போனது என்று என்னால் விவரிக்க முடியாது. பிறகு அவளை எழுந்து வரச் சொல்லி, வாசலுக்கு வெளியே சுவர் ஓரமாக நிற்க வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை நிறுத்துகிற மாதிரி. வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற ஒரு பெண்ணை.

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி இறுக்கிக்கொண்டு, “நா வேகமா எழுதிட்டேங்க்கா, அதான் தப்பாப் போச்சா?” என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைச் சுரீர் என்று தைத்தது. ஏனென்றால் அதுதான் உண்மை. முதல் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறபோதுதான் சர்வரோடு பேச வேண்டும். வேகமாக எழுதியவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். இன்னும் நாலைந்து கைகள் உயர்ந்திருந்தன. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க்கில் ஒரு எண் உண்டு. அதே எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒவ்வொன்றின் மேலும் முதல் நாள் நானே ஒட்டியிருந்தேன். கை தூக்கியவர்களின் எண்களை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் ஒற்றைப்படை. இந்தப் பெண் முதலில் உட்கார்ந்தது ஒற்றைப்படை. மாற்றி உட்கார வைத்ததும் ஒற்றைப்படை. அந்தப் பையனை மாற்றியது இரட்டைப்படை. ஒற்றைப்படைக் கம்ப்யூட்டர்களை அந்தப் பெட்டி அனுப்புவது இரண்டாவது லைனில்.

கண்காணிப்பாளரிடம் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. அவள் எழுந்து வந்த கடைசி வரிசைக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, பாதை எதுவரை போகிறது என்று சோதித்துப் பார்த்தேன். எங்கள் பெட்டி வரை போனது. தெருமுனைப் பெட்டி வரை போனது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பிறகு தெரிந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேரோட்டத்துக்காக நிறுத்தி வைத்திருந்த ரோட்டு வேலையை அன்றைக்குக் காலையில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் பள்ளம் தோண்டியபோது இரண்டாவது லைன் கம்பெனியின் கேபிளையும் சேர்த்து அள்ளிவிட்டது இயந்திரம்.

காண்டிராக்டருக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம். ஏதோ கல்யாணத்தில் இருந்தார்.

“மேடம், நான் என் போன்லயே பாக்குறேனே. ரெண்டு லைனும் பச்சையா இருக்கு. லைன்ல ஒரு கோளாறும் இல்ல.”

“சார், நேத்து நான் சொன்னதுதான் நடந்திருக்கு. ரெண்டாவது லைன் தெருமுனை தாண்டிச் செத்துக் கெடக்கு. பெட்டி அது தெரியாம பாதிப் பேர அதுலயே அனுப்பிக்கிட்டிருக்கு. அங்கருந்தே அந்த லைன எடுத்துவிடுங்க.”

“அப்படி இருந்தா பாதிப் பேருக்கு எப்படி மேடம் ஓடுது? கேண்டிடேட்டுங்க எதையாவது நோண்டியிருப்பாங்க. சீலைத் தொட்டுறாதீங்க, சென்டரே கேன்சல் ஆயிடும்.” போனை வைத்துவிட்டார்.

பாதிப் பேருக்கு ஓடுவதுதான் ஐயா கோளாறுக்கே அடையாளம்! அதையே கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறார். எல்லோருக்கும் நின்றிருந்தால் உடனே லைன் போச்சு என்று ஓடி வந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு மட்டும் நின்றதால், அந்தப் பாதிப் பேர் திருடர்கள் ஆகிவிட்டார்கள்.

இதற்குள் கைகள் இன்னும் கூடிவிட்டன. திரையில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நெட் போனாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர், “சார், டயம் போகுது சார்” என்று கெஞ்சினார். கண்காணிப்பாளர், “உக்காருங்க, உக்காருங்க, யாரும் எழுந்திரிக்கக் கூடாது” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அலமாரிக்குப் பூட்டு, சீல். ஆனால் இரண்டாவது லைன் கட்டிடத்துக்குள் வருகிற சின்னப் பெட்டி மாடிப்படி ஓரம் சுவரில் மாட்டியிருந்தது. அதற்குக் கரண்ட் போகிற சுவிட்ச் அதன் கீழேயே. அதை அணைத்தால் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால்தானே இந்தப் புத்திசாலிப் பெட்டிக்குப் புரியும்?

நான் படிப் பக்கம் போவதைப் பார்த்ததும் கண்காணிப்பாளர் வேகமாக வந்துவிட்டார்.

“என்ன பண்ணப்போறீங்க?”

“இந்த லைன அணைக்கப்போறேன் சார். அணைச்சா எல்லாத்துக்கும் ஓடும்.”

“கையை வச்சீங்கன்னா உங்க மேல போலீஸ்ல புகார் குடுப்பேன். அரசாங்க வேலைக்கான பரீட்சை இது, விளையாட்டு இல்ல. ஓடிக்கிட்டிருக்கிற பாதியும் நின்னா யார் பொறுப்பு?”

அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானதுதான். நான் நினைப்பது தப்பாக இருந்தால் ஓடுகிறவர்களின் பரீட்சையும் போய்விடும். என் மில் வேலையும் போகும், பெயரும் போகும். ஆனால் சோதித்துப் பார்த்தவள் நான். அவர் பார்க்கவில்லை, காண்டிராக்டரும் பார்க்கவில்லை. பார்க்காதவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணைச் சுவர் ஓரம் நிற்க விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுச் சுவிட்சை அணைத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒருவர், “வந்துருச்சு!” என்றார். அடுத்து இன்னொரு குரல். அப்புறம் அறை முழுக்க மவுஸ் தட்டுகிற சத்தம், மழை பிடித்த மாதிரி.

நியாயமாக என்ன நடந்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். நடந்தது என்ன தெரியுமா? கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைத் தாளை அவளிடம் நீட்டினார்.

“‘என் தவறால் கம்ப்யூட்டர் நின்றது, இனிமேல் இப்படி நடக்காது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போய் எழுது.”

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, கடைசி வாய்ப்பு. வேறு யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நானே போட்டிருப்பேனோ என்னவோ.

“நா செய்யாதத எப்படி சார் எழுதித் தர முடியும்?” என்றாள். அதோடு நிறுத்தவில்லை. “எனக்கு மட்டுமா நின்னுச்சு? அம்புட்டுப் பேருக்கும் நின்னுச்சே. போன நேரத்த எல்லாத்துக்கும் திருப்பிக் குடுங்க சார். எனக்கு ஒருத்திக்கு வேண்டாம்.”

உள்ளே இருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். “ஆமா சார், டயம் குடுங்க” என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து குரல் கொடுத்தார்கள்.

கூடுதல் நேரம் கொடுக்க அவர்களுக்கு வழி உண்டு. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து அனுமதி வாங்க வேண்டும். ஆனால் அனுமதி கேட்டால் ‘ஏன் நின்றது’ என்று அவர்கள் கேட்பார்கள். சென்டரின் கோளாறு என்று சொல்ல வேண்டி வரும். அதற்குத்தான் அந்தத் தாள்! ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை. அது புரிந்தபோதுதான் எனக்கு அன்றைய கோபத்தின் உச்சம்.

“சார், நீங்க போன் போடுங்க. நான் பேசுறேன். போடலைன்னா இங்க எழுதுற அத்தனை பேரோட சேர்ந்து நானும் புகார் எழுதிக் குடுப்பேன். சோதிச்சுப் பாத்தது அந்த மெஷின் திரையிலயே இன்னும் இருக்கு” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மில்லில் நான் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

முறைத்துக்கொண்டே போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவர் நல்லவேளை விஷயம் தெரிந்தவர். நான் சொல்லச் சொல்ல, “இரண்டாவது லைன் கடைசி வரைக்கும் போகுதான்னு செக் போடலையா?” என்று அவரே கேட்டுவிட்டார். நின்றுபோன எல்லோருக்கும் இழந்த நேரம் திரும்பக் கிடைத்தது. அந்தப் பெண் எதையும் எழுதிக் கொடுக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தாள். போகிறபோது என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

மத்தியானம் காண்டிராக்டர் வந்து சேர்ந்தார். கேபிள் அறுந்த செய்தி அதற்குள் அவருக்கும் வந்துவிட்டது. முதலாளியிடம் என்ன சொன்னார் தெரியுமா? “மேடம் அவசரப்பட்டுட்டாங்க. விட்டிருந்தா பெட்டியே தானா சரிபண்ணியிருக்கும்.” நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். எப்படித் தானாகச் சரியாகும், எதை வைத்துத் தெரிந்துகொள்ளும் என்று கேட்டேன். அவர் அலமாரியைத் திறக்கப் போய்விட்டார். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்காணிப்பாளர் யாரிடமும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை? ஊஹும்.

அதற்குப் பிறகு அந்த சென்டரிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. நான் சொன்ன சோதனையை மட்டும் அடுத்த வாரமே பெட்டியில் போட்டுவிட்டார்களாம். முதலாளி வீட்டம்மா ராஜபாளையத்தில் ஒரு விசேஷத்தில் பார்த்தபோது சொன்னார்கள். சந்தோஷம். யார் சொல்லிப் போட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் என் மில்லைத் தேடிக்கொண்டு வந்தாள். முடிவு வந்திருந்தது. தேர்வாகவில்லை. கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. நேரம் திரும்பக் கிடைத்தாலும், சுவர் ஓரம் நின்றுவிட்டு வந்து நடுங்குகிற கையோடு எழுதிய பரீட்சை அது. அந்த நடுக்கத்துக்கு யார் மார்க் போடுவார்கள்? எனக்குத்தான் அடக்க முடியாமல் கண் கலங்கியது. அவள் சமாதானம் சொன்னாள்.

“விடுங்கக்கா. வேல கெடைக்கல, சரி. கையெழுத்துப் போட்டிருந்தேன்னா, நாந்தான் கெடுத்தேன்னு எம் புருசங்கூட நம்பியிருப்பாரு. அது இல்லாம வீட்டுக்குப் போனேம்லா.”

இப்போது எங்கள் மில்லிலும் இரண்டு லைன் இருக்கிறது. இரண்டும் கடைசி வரைக்கும் போய் வருகிறதா என்று பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும்படி நானே அமைத்திருக்கிறேன். யாராவது “என்னோடது நிக்குது” என்று சொன்னால், என்ன செய்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் அவர்கள் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். கேபிள் அறுவது யார் கையிலும் இல்லை, அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் அத்தனை பேர் இருந்த அறையில் கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முன்பே குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்டார்களே, அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, வரவும் வேண்டாம்.